1,200 சதுர அடி மாடி, 10,000 லிட்டர் சம்ப், கோடையில் வற்றும் கிணறு: மழைநீரை முதலில் எதற்குத் திருப்புவது?

மாடித்தண்ணீர் (கேள்வி)

வணக்கம். கிழக்குத் தாம்பரத்தில் தனி வீடு. ஐப்பசி பிறப்பதற்குள் மழைநீர்க் குழாய்களை மாற்றிப் போட வேண்டும். இப்போது இருப்பதை எழுதிவிடுகிறேன்.

மொட்டை மாடி 1,200 சதுர அடி, தட்டோடு பதித்தது. மூன்று மூலைகளிலிருந்து 3 அங்குல பி.வி.சி. குழாய்கள் இறங்குகின்றன. ஒன்று, 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது தோண்டிய குழிக்குப் போகிறது. குழி மூன்றடி ஆழம், உள்ளே கூழாங்கல். மற்ற இரண்டும் பக்கச் சந்து வழியாகத் தெருவுக்கு ஓடுகின்றன. சம்ப் (தரைக்கடித் தொட்டி) 10,000 லிட்டர். மாநகராட்சித் தண்ணீர், லாரித் தண்ணீர் இரண்டும் அதில்தான். கிணறு 5 அடி விட்டம், 28 அடி ஆழம், சித்திரை வைகாசியில் வற்றிவிடும். போர் (ஆழ்துளைக் கிணறு) 180 அடி, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 1,400. மண் மேலே 6 அடி களி, அதற்குக் கீழே சவுடு (மணல் கலந்த மண்).

கேட்க வேண்டியவை: மாடித் தண்ணீர் முதலில் சம்புக்கா, கிணற்றுக்கா? பிளம்பர் நேராகப் போருக்குள் விட்டுவிடலாம் என்கிறார், சரியா? மணல், கரி, ஜல்லி போட்ட டிரம் ஒன்று வைத்தால் வடிகட்டப் போதுமா? அந்தப் பழைய குழியில் மழை நின்ற பிறகும் நாலைந்து நாள் தண்ணீர் நிற்கிறது. அதைச் சரிசெய்யலாமா, மூடிவிடலாமா?

---

கிணற்றடி

முதலில் சம்புக்கு, சம்ப் நிரம்பி வழிவது கிணற்றுக்கு, கிணறும் ஏற்காதது தெருவடிகாலுக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். சம்பில் விழுந்த தண்ணீரை மறுநாளே எடுத்துப் புழங்கலாம். கிணற்றில் விட்டது நிலத்துக்குள் பரவிவிடும். அதில் எவ்வளவு உங்கள் வாளிக்குத் திரும்பும் என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. கெட்டுப்போவதில்லை, தெருவுக்கே பொதுவாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். உங்கள் மாடி 111 சதுர மீட்டர். தட்டோடு உறிஞ்சுவது, ஆவியாவது, தெறிப்பது எல்லாம் போக 85 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்தால், 10 மி.மீ. மழைக்கு ஏறக்குறைய 950 லிட்டர். 105 மி.மீ. பெய்தால் வெறும் சம்ப் நிரம்பிவிடும். கார்த்திகையில் இரண்டு நாள் அடைமழை போதும். சென்னைப் பக்கம் ஆண்டு சராசரி 1,400 மி.மீ.யை ஒட்டி வரும்; அப்படியானால் உங்கள் மாடியில் ஆண்டுக்கு 1,30,000 லிட்டருக்கு மேல். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டி முடித்துவிடும். அதனால்தான் சம்ப் மட்டும் போதாது, கிணறும் வேண்டும்.

எங்கும் நடக்கும் தவறு ஒன்று. சம்பில் மாநகராட்சிக் குழாயின் மிதவை வால்வு எப்போதும் மேல்மட்டத்திலேயே இருக்கும். மழை வரும் நேரத்தில் சம்ப் ஏற்கெனவே நிறைந்திருக்கும், மாடித் தண்ணீர் வந்த வேகத்தில் வழிந்து போய்விடும். ஐப்பசி முதல் மார்கழி வரை மிதவையின் கம்பியை வளைத்தாவது, வால்வை இறக்கியாவது, சம்பின் கால் பங்கு மட்டத்தில் அடைபடும்படி செய்யுங்கள். மேலே 7,500 லிட்டர் இடம் மழைக்குக் காத்திருக்கும். இதற்கு ஆகும் செலவு பிளம்பரின் அரை நாள் கூலி. ஆயிரக்கணக்கில் வடிகட்டி வாங்குவதை விட இது அதிகத் தண்ணீர் தரும்.

போருக்குள் விடவே விடாதீர்கள். உங்கள் 180 அடி போர் பாறை வெடிப்புகளிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறது. மாடியின் நுண்ணிய தூசியும் வண்டலும் அந்த வெடிப்புகளில் போய் அடைந்தால் வெளியே எடுக்க வழியில்லை. இரண்டு மூன்று மழைக்காலத்தில் ஊற்றே குறையும். இன்னொன்று, கிணற்றில் விட்ட தண்ணீர் மண் வழியாக இறங்கும்போது ஓரளவாவது சுத்தமாகும். போரில் விட்டது அப்படியே நிலத்தடி நீரில் கலக்கும். புறா எச்சத்தின் கிருமியும் கூடவே போகும். கைவிட்ட பழைய போர் இருந்து, நல்ல வடிகட்டலும் இருந்தால் அது வேறு பேச்சு. ஓடுகிற போரில் கூடாது.

திறந்த கிணறு இருக்கும் வீட்டில் தனியாக மீள்நிரப்புக் கிணறு தோண்டுவது வீண் செலவு. உங்கள் கிணறு ஒரு அடி ஆழத்துக்கு 550 லிட்டர் பிடிக்கும், முழுதாக 15,000 லிட்டருக்கு மேல். கோடையில் வற்றுகிறது என்றால் தை, மாசியில் தண்ணீர் இருக்கும்போது யாரும் இறங்காதீர்கள். வைகாசியில் வற்றிய பிறகு தூர் வாருங்கள். அடியில் சேர்ந்த சேறுதான் ஊற்றுக்கண்ணையும் அடைக்கும், உறிஞ்சுவதையும் தடுக்கும். இறங்குவதற்கு முன் மூடியைத் திறந்து காற்றுப் போக விட்டு, காற்றூதி (புளோயர்) வைத்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நின்றுதான் இறங்க வேண்டும். மூடிக் கிடந்த சம்புக்கும் இதே விதி. உள்ளே பிராணவாயு குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் விழுந்தால் தூக்கப் போகிறவரும் விழுவார்.

---

ஜல்லிக்கரண்டி

டிரம் வடிகட்டிக்கு அளவு: 200 லிட்டர் நீல டிரம். அடியில் 40 மி.மீ. ஜல்லி அரை அடி, அதன் மேல் 20 மி.மீ. ஜல்லி அரை அடி, பிறகு கரி 4 அங்குலம், கொசுவலை ஒரு சுற்று, மேலே ஆற்று மணல் 6 அங்குலம். அடியில் 3 அங்குல வெளிக்குழாய். இதுவே போதும், பல வீடுகளில் இருக்கிறது.

---

குழாய்க்கணக்கு

மேலே சொன்ன டிரம்முக்கு எதிராக ஒரு கணக்கு வைக்கிறேன். டிரம்மின் வாய் 2 அடி, அதாவது 0.28 சதுர மீட்டர். சுத்தமான மணல் படுகை வழியாகத் தன் எடையில் தண்ணீர் இறங்கும் வேகத்தை மணிக்கு 5 மீட்டர் என்று தாராளமாகவே வைத்தாலும் மணிக்கு 1,400 லிட்டர்தான் போகும். மணிக்கு 25 மி.மீ. வேகத்தில் பெய்யும் மழைக்கே இந்த மாடியிலிருந்து 2,300 லிட்டர் வரும். கொட்டும் மழை மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கால் மணி நேரம் பெய்வது இங்கே அபூர்வம் இல்லை. அப்போது மணிக்கு 9,500 லிட்டர் வீதம் இறங்கும். டிரம் வழிந்து, நல்ல மழையில் முக்கால்வாசி தெருவுக்குப் போகும். மேலே வண்டல் படிந்த பிறகு இன்னும் மோசம். டிரம் வடிகட்டி வைத்த வீடுகளில் "மழை பெய்தும் சம்ப் ஏறவில்லை" என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கரியும் தேவையில்லை. புதிதாக இருக்கும்போது வாசனையை எடுக்கும். ஆறு மாதம் ஈரத்தில் கிடந்தால் அதிலேயே கிருமி குடியேறும்.

என்ன செய்யலாம் என்று மேலிருந்து கீழே வருகிறேன்.

முதலில் இறங்கு குழாய். உங்கள் 3 அங்குலக் குழாய் ஒன்று, மணிக்கு 100 மி.மீ. மழைக்கு 20 சதுர மீட்டர் மாடியைத்தான் தாங்கும். மூன்றும் சேர்ந்து 60. மாடியோ 111. மீதித் தண்ணீர் மாடியில் குளம் கட்டி நிற்கும், கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கசியும். 4 அங்குலக் குழாய் ஒன்று 42 சதுர மீட்டரைத் தாங்கும்; மூன்றையும் 4 அங்குலமாக மாற்றினால் கணக்கு நேராகிவிடும். மழைநீருக்கு எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி.) குழாயில் 'ஏ' வகை போதும், கழிவுக்கான 'பி' வகை வேண்டாம். வெயில் படும் இடத்தில் வெள்ளை பெயின்ட் இரண்டு கை அடியுங்கள், இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் நொறுங்கும். குழாய் வாயில் தட்டையான ஜாலி வைக்காதீர்கள். ஒரே ஒரு வேப்பங்கொத்து ஒட்டினால் அடைத்துவிடும். குமிழ் வடிவ ஜாலி வையுங்கள், கீழே அடைந்தாலும் பக்கவாட்டில் தண்ணீர் நுழையும்.

மூன்றையும் இணைக்கும் படுக்கைக் குழாயைத் தரைக்கு அடியில் புதைக்காதீர்கள். சுவர் ஓரமாக, லின்டல் மட்டத்தில் அல்லது வழி மறிக்காத இடத்தில் 4 அடி உயரத்தில் கிளாம்ப் போட்டு ஓட்டுங்கள். 4 அங்குலம் போதும். சரிவு நூற்றுக்கு ஒன்று, பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம். எல்போ வரும் இடத்திலெல்லாம் அதற்குப் பதில் டீ (மூன்று வாய் இணைப்பு) வைத்து ஒரு முனையைத் திருகு மூடியால் அடையுங்கள். அடைப்பு எடுக்கக் கம்பி விட வழி வேண்டும்.

அடுத்தது முதல் மழைத் தண்ணீரைப் பிரிப்பது. இதைச் சரியாகச் செய்தால் வடிகட்டியின் வேலை பாதி குறைந்துவிடும். வெயில் காலம் முழுக்கச் சேர்ந்த தூசியும் எச்சமும் மழையின் முதல் 1 மி.மீ.யில் பெரும்பாலும் கழுவப்படும். புறா அடையும் மாடி என்றால் 2 மி.மீ. என்று வையுங்கள். உங்கள் மாடிக்கு 110 முதல் 220 லிட்டர். 6 அங்குலக் குழாயை நட்டுக் குத்தலாக நிறுத்திச் செய்வது வழக்கம். ஆனால் அது ஒரு மீட்டருக்கு 18 லிட்டர்தான் பிடிக்கும், 110 லிட்டருக்கு ஆறு மீட்டர் குழாய் வேண்டும். கடையில் விற்கும் இரண்டடி நீளக் குழாய் இந்த மாடிக்குக் கண்துடைப்பு. நீங்கள் வாங்க நினைத்த அந்த 200 லிட்டர் டிரம்மை இதற்குப் பயன்படுத்துங்கள். படுக்கைக் குழாயில் டீ போட்டு, கீழ்நோக்கிய கையை டிரம்முக்குள் இறக்குங்கள். இறுக்கமான மூடி போட்ட டிரம். அது நிறைந்ததும் தண்ணீர் தானாகவே நேரே சென்று வடிகட்டிக்குப் போகும். டீயின் கழுத்தில் ஒரு ரப்பர் பந்து மிதந்து வந்து வாயை அடைத்தால் அழுக்குத் தண்ணீர் மேலேறிக் கலக்காது.

டிரம் தானே காலியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அது இருந்தும் பயனில்லை. அடியிலிருந்து 2 அங்குலம் மேலே 2 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். 14, 15 மணி நேரத்தில் வடிந்துவிடும். துளை அதை விடச் சிறிதானால் அடைக்கும், பெரிதானால் மழையின்போதே தண்ணீர் வீணாக ஓடும். மழை விட்டு விட்டுப் பெய்யும் நாளில் டிரம் முழுதாக வடிந்திருக்காது. அது நல்லதுதான், மாடி ஏற்கெனவே கழுவப்பட்டுத்தானே இருக்கிறது. அடிமட்டத்தில் 1 அங்குல பந்து வால்வு (ball valve) ஒன்று வையுங்கள், சேறு கழுவ.

வடிகட்டிக்கு சம்புக்கு முன்னால் 200 முதல் 400 மைக்ரான் எவர்சில்வர் வலை போட்ட குழாய் வடிகட்டி போதும். அதன் கொள்ளளவைப் பார்த்து வாங்குங்கள், மணிக்கு 10,000 லிட்டராவது விட வேண்டும். கட்டுமான வடிகட்டிதான் வேண்டுமென்றால் உள்ளளவு 3 அடிக்கு 3 அடி, ஆழம் 3 அடி. அதுவும் மணலோடு மணிக்கு 4,200 லிட்டர்தான் விடும், எனவே வழிவதைக் கிணற்றுக்கு எடுத்துச் செல்லும் குழாய் கட்டாயம். சம்புக்குள் மிச்ச தூசி படிந்து உறங்கட்டும். மோட்டாரின் புட்வால்வை (உறிஞ்சு குழாயின் அடிவால்வை) அடியிலிருந்து 6 அங்குலம் தூக்கி வையுங்கள். மழைக்குழாய் சம்புக்குள் மேலிருந்து கொட்டக் கூடாது. அடிவரை இறக்கி, நுனியில் இரண்டு எல்போ போட்டு வாயை மேல்நோக்கித் திருப்பிவிட்டால் அடியில் படிந்தது கலங்காது.

---

மாடித்தண்ணீர்

மிக்க நன்றி. டிரம்மை முதல் மழைக்கு மாற்றிக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். கட்டுமான வடிகட்டி கட்டினால் ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் (கல் உடைத்துச் செய்த மணல்) போடலாமா? சம்ப் தண்ணீரைத்தான் சமையலுக்கும் குடிக்கவும் எடுக்கிறோம், ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது. மழைத்தண்ணீர் கலந்தால் என்ன பார்க்க வேண்டும்? செப்டிக் டேங்க் கிணற்றுக்கு எதிர்மூலையில் இருக்கிறது. பழைய மழைக்குழி கேட் பக்கம்.

---

குழாய்க்கணக்கு

பூச்சு வேலைக்கான எம்-சாண்ட் கூடவே கூடாது. கல் உடைத்த மாவு அதில் இருக்கும், இரண்டே மழையில் சிமென்ட் போல இறுகிவிடும். கான்கிரீட்டுக்கான எம்-சாண்டை வாளியில் போட்டு, தண்ணீர் தெளியும் வரை ஏழெட்டு முறை கழுவிப் போடலாம். அதை விட 2 முதல் 4 மி.மீ. பொடி ஜல்லி நல்லது, வேகமாகவும் விடும். எதைப் போட்டாலும் மேல் அடுக்குக்குக் கீழே நைலான் வலை விரித்து ஓரங்களை மடித்துவிடுங்கள். ஆண்டுக்கொரு முறை வலையோடு தூக்கி மேல் அடுக்கை மட்டும் கழுவலாம். இல்லாவிட்டால் முழுக் குழியையும் தோண்ட வேண்டி வரும், யாரும் செய்ய மாட்டார்கள்.

---

தெளிநீர்

குடிநீர்ப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

மழைத் தண்ணீரின் டி.டி.எஸ். பெரும்பாலும் 10 முதல் 30-க்குள் இருக்கும். உப்புத் தண்ணீரோடு கலந்தால் அளவுக்குத் தக்கபடி இறங்கும்: 1,400 உள்ள போர்த் தண்ணீர் பாதி, 20 உள்ள மழைத் தண்ணீர் பாதி என்றால் 710. இந்தியத் தரநிர்ணயத்தில் குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு 500, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. டி.டி.எஸ். குறைவு என்பதாலேயே குடிக்கலாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த மீட்டர் உப்பை மட்டுமே அளக்கும், கிருமியைக் காட்டாது. மாடியில் பறவையும் அணிலும் பூனையும் நடமாடுகின்றன. அதனால் மழைத் தண்ணீரின் பிரச்சினை உப்பு இல்லை, கிருமிதான்.

ஆகவே குளோரின். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், நிறைந்த உங்கள் சம்புக்கு 25 கிராம், அதாவது சிறு டீக்கரண்டியால் நாலைந்து. அப்படியே தூவாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் வைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து, கடையில் கிடைக்கும் குளோரின் சோதனைப் பெட்டியால் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தண்ணீரில் உள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிட்டது என்று பொருள். இன்னொரு பாதி அளவு சேருங்கள். பழைய பிளீச்சிங் பவுடர் பொட்டலம் வாசனை போயிருந்தால் அதில் சத்து இல்லை, ஈரக்காற்றில் சீக்கிரம் வீரியம் இழக்கும். சிறு பொட்டலமாக வாங்கி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

ஆர்.ஓ. பற்றி. மழைத் தண்ணீர் மட்டும் இருக்கும் மாதங்களில் ஆர்.ஓ. வேண்டியதே இல்லை. டி.டி.எஸ். 20 உள்ள தண்ணீரிலிருந்து எடுக்க உப்பு ஏது? மெஷின் பாதித் தண்ணீரை வெறுமனே கழிவில் தள்ளும். யு.வி. (புற ஊதா விளக்கு), யு.எஃப். (நுண்வடிகட்டி) மட்டும் ஓடும்படி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், அல்லது கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

சம்ப் புதிதாகக் கட்டியதோ புதிதாகப் பூசியதோ என்றால் கவனம். உப்பில்லாத மழைத்தண்ணீர் சிமென்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்ளும், பி.எச். 9-க்கு மேல் போய் வழவழப்பாக, கசப்பாக இருக்கும். இரண்டு மூன்று முறை நிரப்பி வெளியேற்றினால் தணியும். பழைய சம்பில் இந்தத் தொல்லை வராது.

மாடியில் தார் கலந்த நீர்க்காப்புப் பூச்சு அடித்திருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்க வேண்டாம், கிணற்றுக்கு விடுங்கள். மாடியில் சோப்புப் போட்டுத் துணி துவைக்கும் பழக்கம் இருந்தால் மழைக்காலத்தில் நிறுத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் தண்ணீரும் இதே குழாயில்தான் இறங்கும், கழுவும் நாளில் மழைக்குழாயைச் சம்பிலிருந்து பிரித்துத் தெருப் பக்கம் திருப்பி வையுங்கள்.

---

கிணற்றடி

பழைய குழிக்கு வருகிறேன். மூன்றடி தோண்டிக் கூழாங்கல் போட்டிருக்கிறார்கள்; உங்கள் களி ஆறடி. குழியின் அடிப்பகுதி இன்னும் களிமண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பிறகு தண்ணீர் எங்கே இறங்கும்? 2003-இல் அவசரமாகப் போட்ட குழிகளில் பலவற்றின் குறை இதுதான், மண்ணைப் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. கடற்கரை ஓர மணலில் மூன்றடிக் குழி நன்றாக வேலை செய்யும், களியில் செய்யாது.

மூடாதீர்கள், ஆழப்படுத்துங்கள். கூழாங்கல்லை எடுத்துக் கழுவி ஓரமாக வைத்துவிட்டு, குழியின் நடுவில் கைபோர் ஆட்களை வைத்து 6 அங்குல விட்டத்தில் களியைத் தாண்டி, சவுட்டுக்குள் குறைந்தது ஆறடி போகும்வரை துளை போடுங்கள். தரையிலிருந்து 12, 13 அடி வரும். 4 அங்குல பி.வி.சி. குழாயில் சவுட்டுக்குள் இருக்கும் பகுதி முழுக்கத் துளையிட்டு, நைலான் வலை சுற்றி இறக்கி, சுற்றிலும் பொடி ஜல்லி போடுங்கள். குழாயின் தலை குழியின் அடியிலிருந்து ஒரு அடி மேலே நிற்கட்டும், அந்த ஒரு அடியிலும் துளையும் வலையும் இருக்கட்டும், உச்சியில் மூடி. வண்டல் குழியில் தங்கும், தெளிந்தது குழாய்க்குள் போகும். பிறகு 40 மி.மீ. ஜல்லியோ செங்கல் ஜல்லியோ நிரப்புங்கள். வேலை முடிந்ததும் 1,000 லிட்டர் லாரித் தண்ணீர் ஊற்றி, இறங்க எவ்வளவு நேரம் என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே அளவு ஊற்றிப் பார்த்தால் அடைப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இந்தக் குழிக்கு மாடித் தண்ணீர் வேண்டாம், வாசல் தண்ணீரை விடுங்கள். கேட் ஓரமாகக் குறுக்கே ஒரு அடி அகல, ஒன்றரை அடி ஆழக் கால்வாய், மேலே இரும்பு ஜாலி, குழிக்குப் போகும் வழியில் 2 அடிச் சதுர வண்டல் தொட்டி. வண்டி நிற்கும் இடத்தின் எண்ணெயும் மண்ணும் அந்தத் தொட்டியில் தங்கும். அதை மழைக்கு முன்னும் நடுவிலும் அள்ளிப் போடுங்கள். இந்தத் தண்ணீர் சம்புக்கோ கிணற்றுக்கோ போகவே கூடாது. அஸ்திவாரத்திலிருந்து குழி 5 அடியாவது தள்ளியிருக்கிறதா பாருங்கள். களிமண் ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், மூலைச் சுவரில் விரிசல் விடும்.

செப்டிக் டேங்க் எதிர்மூலையில் இருப்பது நல்லது. ஆனாலும் மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது அதன் கழிவும் நகரும், அதனால் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். குளிக்க, துவைக்க, செடிக்கு.

---

ஏரிக்கரை

வெள்ளப் பக்கத்தை யாரும் தொடவில்லை. 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. உங்கள் மாடிக்கு அது ஒரே நாளில் 46,000 லிட்டர். சம்பும் கிணறும் சேர்ந்தாலே 25,000 தான், அதுவும் இரண்டும் காலியாக இருந்தால். அதாவது வழிகுழாய் இல்லாத அமைப்பு ஏதோ ஒரு நாள் வீட்டுக்குள்ளேயே தண்ணீரைத் திருப்பும்.

சம்பின் வழிகுழாய், உள்ளே வரும் குழாயின் அதே அளவாவது இருக்க வேண்டும்: 4 அங்குலம் உள்ளே, 4 அங்குலம் வெளியே. ஒரு அங்குலக் குழாயை வழிவதற்கு வைத்திருக்கும் சம்புகள்தான் மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்குகின்றன. கிணற்றிலிருந்து தெருவடிகாலுக்குப் போகும் குழாயில் ஒருவழி மடக்கு வால்வு கட்டாயம். தெருவில் தண்ணீர் நிற்கும்போது சாக்கடை கலந்த வெள்ளம் அதே குழாய் வழியாகத் திரும்பி உங்கள் கிணற்றுக்குள் வரும். சம்பின் மூடிச் சட்டத்தை உங்கள் தெருவில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு மேல் ஒரு அடி கட்டி உயர்த்துங்கள், கிணற்றுக் கைப்பிடிச் சுவரையும்தான்.

நிலத்தடி நீர்மட்டம் தரைக்கு ஓரிரு அடியில் நிற்கும் கார்த்திகையில் சம்பைக் கழுவுகிறேன் என்று முழுக்க வெறுமையாக்காதீர்கள். சுற்றிலும் நிற்கும் தண்ணீர் வெறும் தொட்டியைப் படகு போல மேலே தள்ளும். கான்கிரீட் என்றால் அடித்தளம் விரியும். புதைத்த பிளாஸ்டிக் தொட்டியானால் 5,000 லிட்டர் அளவுக்கு 5 டன் விசை, பூமியைப் பிளந்துகொண்டே வரும். சம்ப் கழுவுவதை ஆனி, ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

மாடித்தண்ணீர்

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: முதல் மழை டிரம், வண்டல் தொட்டி, கிணறு என்று இத்தனை இடத்தில் தண்ணீர் நிற்கப்போகிறதே, கொசு?

---

தெளிநீர்

டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மலேரியா கொசுவுக்குச் சென்னையில் கிணறும் மாடித் தொட்டியும்தான் வீடு. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். சம்ப் மூடி, கிணற்று மூடி, காற்றுக்குழாய், வழிகுழாய் நுனி எதிலும் 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. காற்றுக்குழாய் நுனியில் நைலான் வலையைச் சுற்றிக் கம்பியால் கட்டுங்கள். ரப்பர் வளையம் வெயிலில் அறுந்துவிடும். முதல் மழை டிரம் 15 மணி நேரத்தில் வடிந்துவிடுவதால் பயமில்லை, ஆனால் 2 மி.மீ. துளைக்குக் கீழே அடியில் 2 அங்குலம் தண்ணீர் நிற்கும். அந்த 1 அங்குல வால்வை வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டு, திறந்துவிட்டு மூடுங்கள். வண்டல் தொட்டி களிமண்ணில் இருப்பதால் தானாகச் சீக்கிரம் வடியாது, அதில் நிற்கும் தண்ணீரையும் வாரம் ஒரு முறை இறைத்துவிடுங்கள். கிணற்றுக்கு மூடி இல்லாவிட்டால் கம்பிச் சட்டத்தில் வலை அடித்துப் போடுங்கள், கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் இருபது முப்பது விட்டு வையுங்கள். மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். அந்த மீன் இருக்கும் கிணற்றில் குளோரின் கரைசல் ஊற்றாதீர்கள், செத்துவிடும்.